கழிவைச் சால்டர் தொட்டியிலேயே குறைக்கலாம்

ஆசிரியருக்கு,

மின்னணுக் கழிவு என்றால் தூக்கியெறியப்பட்ட கைப்பேசிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற இடங்களில் பொருள் ஆலையைத் தாண்டும் முன்பே சேரும் கழிவும் கவனிக்க வேண்டியது. மின்சுற்று அட்டையை (போர்டு), உருகிய சால்டர் என்னும் பற்றவைப்பு உலோகத்தின் அலைமேல் செலுத்திப் பாகங்களைப் பற்றவைப்பது வேவ் சால்டரிங். அந்தத் தொட்டியின் மேலே சேர, வாரி எடுக்கும் டிராஸ் என்ற கசடை மட்டும் பார்ப்போம்.

ஈயம் சேராத சாக்305 (SAC305) என்ற சால்டர் வகையில் வெள்ளீயம் 96.5%, வெள்ளி 3%, செம்பு 0.5%. உருகிய உலோகத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஆக்சைடு ஏடு கட்டும். அலை அதைக் கலக்கும்போது நல்ல சால்டரும் உள்ளே சிக்கிக்கொள்ளும். சாம்பல் போலத் தெரிந்தாலும் டிராஸில் பெரும்பகுதி உலோகம்தான். வெள்ளியும் அதோடு போகிறது.

போர்டு வராத நேரத்தில் அலை ஓடவே கூடாது. அதற்கான சென்சார் பல இயந்திரங்களில் உண்டு. தொல்லை என்று அதை அணைத்துவிட, சாப்பாட்டு இடைவேளை முழுக்கப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். போர்டின் துளைகளில் சால்டர் ஏறவில்லை என்றதும் தொட்டியின் சூட்டை ஏற்றுவது அடுத்த தவறு. 260 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். குறை பெரும்பாலும் ஃப்ளக்ஸிலோ (ஆக்சைடை நீக்கப் போர்டில் முன்பே பூசும் பொருள்) ப்ரீஹீட்டிலோ (போர்டை முன்கூட்டியே சூடாக்குவது) இருக்கும். சூடு கூடினால் ஆக்சைடும் கூடும், போர்டிலுள்ள செம்பும் வேகமாகக் கரையும்.

செம்புதான் பெரிய தலைவலி. அது 1 சதவீதத்தைத் தாண்டினால் சால்டர் மந்தமாகி, போர்டிலுள்ள பாகங்களின் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் தொட்டியிலுள்ள சில நூறு கிலோ சால்டரையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டிவரும். மாதம் ஒரு முறை மாதிரி எடுத்துச் சோதித்து, செம்பு ஏறத் தொடங்கியதுமே, குறையும் சால்டரைச் செம்பில்லாத வெள்ளீய-வெள்ளிக் கட்டியால் ஈடுகட்டினால் இந்தச் செலவே வராது.

வாருவதிலும் பக்குவம் வேண்டும். துளைக்கரண்டியால் மேலாக அள்ளி, தொட்டி விளிம்பில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் நல்ல சால்டர் வடிந்து உள்ளே திரும்பும். ஷிப்ட் முடியும் அவசரத்தில் அப்படியே டிரம்மில் கொட்டுவதுதான் நடக்கிறது. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.

நிறைந்த டிரம் காயலான் கடைக்குப் போகாமல், 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்கே போக வேண்டும். ஆலைகள் ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் தரும் கழிவு அறிக்கையில், வாங்கிய சால்டர் எவ்வளவு, வெளியேறிய டிராஸ் எவ்வளவு என்ற விகிதத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கலாம். அலையின் மேல் நைட்ரஜன் போர்வை அமைத்தால் டிராஸ் வெகுவாகக் குறையும். சிறு ஆலைகளுக்கு அந்தச் செலவு கட்டாது. ஆகவே, டிராஸ் விகிதத்தை உண்மையிலேயே குறைக்கும் சிறு ஆலைகளுக்கு நைட்ரஜன் கருவி வாங்க அரசு மானியம் தர வேண்டும்.

– மின்னணு உற்பத்திப் பொறியாளர்கள் சிலர், ஒரகடம்