நடுச்சாமத்தில் கீச்சிடும் அலாரம்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ கனடாவிலிருந்து போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் விட்டு விட்டு ஒரு கீச் சத்தம் கேட்டது. கேட்டதற்கு, "அது கன நாளாக அப்படித்தான் அப்பா, பழகிவிட்டது" என்றாய். பழகக்கூடாத சத்தம் அது, பிள்ளை, வீட்டுப் புகை அலாரத்தின் சத்தம். இந்தச் சனி ஞாயிறுக்குள் பார்த்துவிடு.

அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தரம் ஒற்றைக் கீச் என்றால் பெரும்பாலும் பற்றறி முடியப்போகிறது என்று அர்த்தம். புகைக்கு அடிக்கும் சத்தம் வேறு: மூன்று பீப், சின்ன இடைவெளி, திரும்ப மூன்று. நான்கு நான்காக அடித்தால் அது காபன் மொனொக்சைட் என்ற மணமில்லாத நச்சு வாயு. அந்த நேரம் பற்றறியைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்காமல், கூட இருக்கிறவர்களையும் எழுப்பிக்கொண்டு வெளியே போய் அவசர எண் 911 எடு.

விடிய மூன்று நான்கு மணிக்குத்தான் கூடுதலாகக் கத்துகிறது என்று சொன்னாய். அலாரத்தில் பிழை இல்லை. குளிரில் பற்றறியின் உள்தடை கூடும், அலாரம் தன்னைத் தானே சோதிக்கும் கணத்தில் வோல்ற் கீழே இறங்கும், உடனே கீச்சிடும். வீட்டுக்குள் குளிர் மிகக் கூடிய நேரம் விடியற்காலை. காலையில் ஹீற்றர் சூடு ஏறியதும் சத்தம் நின்றுவிடும், நீயும் சரியாகிவிட்டது என்று வேலைக்குப் போய்விடுவாய். அடுத்த இரவும் அதே கதைதான்.

முதலில் கத்துவது எது என்று கண்டுபிடி. நீ இருக்கும் பேஸ்மென்டில், அந்த நிலக்கீழ் வீட்டில், சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் காது ஏமாற்றும். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே ஒரு நிமிடம் நின்று கேள். சுவரில் செருகிய காபன் மொனொக்சைட் அலாரமாகவும் இருக்கலாம். அதை விட்டுவிட்டுப் புகை அலாரத்துக்குப் புதுப் பற்றறி போட்டு, இன்னும் கத்துகிறதே என்று தலையைப் பிய்ப்பவர்கள் நிறையப் பேர்.

ஏறுவதற்கு உன் மேசைக் கதிரை வேண்டாம், அதற்குச் சில்லு இருக்கிறது. அலாரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால் தட்டிலிருந்து கழன்று வரும். பின்னால் வயர் பிளக் ஒன்று வந்தால் அது கரண்டில் ஓடுகிற அலாரம், பற்றறி கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும். அப்படியென்றால் பிரேக்கரை நிறுத்திவிட்டுப் பிளக்கின் இரு பக்கக் கொக்கியையும் அமர்த்திக் கழற்று. இங்கே 230 வோல்ற், அங்கே 120தானே என்று இளக்காரமாக நினைக்காதே.

பற்றறியைத் தொடுமுன் பின்பக்கத்து லேபிளைப் படி. அதில் உற்பத்தித் திகதி இருக்கும். பத்து வருடம் தாண்டியிருந்தால் பற்றறிக்குக் காசு செலவழிக்காதே, முழு அலாரத்தையும் மாற்ற வேண்டும். பட்டனை அமர்த்தினால் நன்றாகக் கத்துகிறதே என்று நீ கேட்பாய். பல அலாரங்களில் அந்தப் பட்டன் ஹோர்னும் சுற்றும் பற்றறியும் வேலை செய்வதைத்தான் காட்டும். உள்ளே புகையை உணரும் அறை தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பிடித்து மந்தமாகியிருப்பதைக் காட்டாது. பற்றறிக் கதவே இல்லையென்றால் அது பத்து வருட லிதியம் வைத்து மூடிய வகை. அதுவும் கீச்சிட்டால் ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். குத்தித் திறக்க வேண்டாம்.

எந்தப் பற்றறி என்பதையும் அதே லேபிள் சொல்லும். அநேகமாக ஒரு 9 வோல்ற் சதுரப் பற்றறி, சிலவற்றில் இரண்டு ஏஏ. அல்கலைன் வாங்கு. "ஹெவி டியூட்டி" என்று போட்டு மலிவாக விற்பது பழைய காபன் துத்தநாக வகை. விரைவில் முடியும், ஒழுகும். சார்ஜ் பண்ணுகிற பற்றறி வேண்டவே வேண்டாம். அது சும்மா கிடந்தே இறங்கும், தொடக்க வோல்ற்றும் குறைவு. உறையில் உள்ள காலாவதித் திகதியையும் பார். கடையில் வருடக் கணக்காகத் தொங்கிய பற்றறி புதிதுபோலத்தான் இருக்கும்.

பழையதைக் கழற்றியதும் ரெஸ்ற் பட்டனை பதினைந்து இருபது விநாடி அமர்த்திப் பிடி. உள்ளே மிச்சமிருக்கும் மின்னேற்றம் ஒரு முனகலோடு இறங்கிவிடும். இதைச் செய்யாவிட்டால் புதுப் பற்றறி போட்ட பிறகும் சில அலாரங்கள் பழைய கீச்சைத் தொடரும். தொடுமுனைகளைப் பார்: பச்சை பிடித்திருந்தால் உலர்ந்த துணியால் துடை. இங்கே கடற்கரைப் பக்கத்து விடுதி அறைகளில் உப்புக் காற்றுக்கு, பற்றறி முடியுமுன்பே பித்தளை பச்சையாகிவிடும். உங்கள் ஊரில் அந்தத் தொல்லை குறைவு. வெள்ளைப் பொடி கசிந்திருந்தால் அது தோலை அரிக்கும் காரம், வெறுங்கையால் தொடாதே, அந்த அலாரத்தை நம்பவும் வேண்டாம்.

9 வோல்ற் பற்றறியில் சின்ன வட்ட முனை நேர், பூப்போல் விரிந்த பெரியது எதிர். பெட்டிக்குள் போட்டிருக்கும் அடையாளப்படி வைத்து, இரண்டு முனையும் "டிக்" என்று உட்காரும்வரை தள்ளு. சில அலாரங்களில் பற்றறி இல்லாவிட்டால் மூட விடாத ஒரு சின்னத் தகடோ நெம்புகோலோ இருக்கும். அதைப் பற்றறியால் கீழே அமர்த்திக்கொண்டுதான் செருக வேண்டும். முறித்துவிட்டு மூடுவது மடைத்தனம். கதவு முழுதாக மூடாமல் மயிரிழை இடைவெளி நின்றாலும் கீச் வரும். மென்மையான பிரஷ் போட்ட வக்கூமால் சுற்றியுள்ள துவாரங்களை உறிஞ்சிவிட்டு, திரும்ப மாட்டி, ரெஸ்ற் பட்டனை அமர்த்து. காதைப் பொத்திக்கொள், மூன்று மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் வரும்.

உனக்கு வீடு வாடகைக்குத் தந்தவர் வோல்ற் அளக்கும் மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்து "எட்டரை காட்டுது, பற்றறி நல்லம்" என்றாராம். சும்மா இருக்கும்போது எட்டரை காட்டும். சுமை ஏறும்போது இறங்குவதைத்தான் அலாரம் பார்க்கிறது. மீற்றரை விட அலாரத்தை நம்பு.

இனி முக்கியமானது. அம்மா அனுப்பிய மோர்மிளகாயைப் பொரிக்கும்போது அலாரம் அடித்தது என்று பற்றறியைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாயாமே. இங்கே எங்கள் குசினிக்கு இரண்டு பக்கமும் யன்னல். உன்னுடைய குசினியும் படுக்கையும் ஒரே காற்றில். பேஸ்மென்டில் நித்திரையில் இருப்பவளுக்கு வெளியே போக ஒரே ஒரு படிக்கட்டு என்றால், அந்தக் கழற்றிய பற்றறிதான் நிமிடங்களைத் தின்னும். அடித்தால் ஹஷ் பட்டனை அமர்த்து, சில நிமிடம் சத்தம் அடங்கித் தானே பழைய நிலைக்கு வரும். அடுப்பைப் பற்றவைக்கும்போதே ஃபானைப் போடு, புகை கிளம்பிய பிறகு அல்ல. அலாரம் அடுப்பிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். லேபிளில் ஆங்கில "ஐ" (I) எழுத்து இருந்தால் அது அயனாக்கல் வகை, பொரியல் புகைக்குத் துள்ளும். "பி" (P) எழுத்துள்ள ஒளிமின் வகை குசினிப் பக்கத்துக்குப் பொறுமையானது, புகைந்து புகைந்து பற்றும் மெத்தை நெருப்பையும் நேரத்தோடு பிடிக்கும்.

மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதே. நீ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அலாரங்களை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. வாடகைக்கு இருக்கிறவர் அதை முடக்கி வைப்பதும் சட்டப்படி குற்றம், அதையும் தெரிந்துகொள். வாயால் சொல்லாமல், லேபிளைப் படம் எடுத்து மெசேஜாக அனுப்பு. திகதியோடு பதிவு இருக்கும். நம் ஊர் ஆள்தானே என்று தயங்கினால் நீதான் இரவில் முழித்திருப்பாய்.

மாதம் ஒருமுறை பட்டனை அமர்த்திப் பார். பற்றறி மாற்றும் நாளை மறக்காமலிருக்க ஒரு வழி: மார்ச்சிலும் நவம்பரிலும் உங்கள் மணிக்கூடு மாறும், எங்களுடையது மாறாது. உனக்கும் எங்களுக்கும் வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலத்திலிருந்து பத்தரையாகும் அந்த நவம்பர் ஞாயிறு, புதுப் பற்றறி போட்டுவிடு. நான் போனில் கேட்பேன்.

கழற்றிய பழையதை திறப்பும் சில்லறையும் கிடக்கும் இலாச்சிக்குள் எறியாதே. 9 வோல்ற்றில் இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கமாக இருப்பதால் ஒரு திறப்பு குறுக்கே விழுந்தாலே சூடேறிக் கடதாசியைப் பற்றவைக்கும். முனைகளுக்கு மேல் ரேப் ஒட்டி, பழைய பற்றறி சேர்க்கும் பெட்டியில் போடு.

அன்புடன்,
அப்பா