பனி பெய்யாத ஊருக்கு ஒரு குளிர்கால வாசிப்புச் சவால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரில் இரு வாரங்களுக்கு முன் வெளிவந்த குளிர்கால வாசிப்புச் சவால் பற்றிய குறிப்பை எங்கள் வாசகர் வட்டத்தில் வாய்விட்டுப் படித்தோம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் மாதம் இருமுறை கூடும் வட்டம் இது. வருபவர்களில் பாதிப் பேர் இடைநிலைப் பள்ளி மாணவர்கள், மீதிப் பேர் என்னைப் போல் பணி ஓய்வு பெற்றவர்கள். பனிக்காலத்தையும், ஒளியையும் நிறத்தையும் கண்டபடியே தீட்டும் இம்ப்ரெஷனிச ஓவியங்களையும் சேர்த்து வைத்து வாசிப்புப் பணிகளை அமைக்கலாம் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதில் சொல்லப்பட்டிருந்த பணிகள், அட்டையில் பனி விழும் படம் உள்ள ஒரு நூல், கணப்பருகே அமர்ந்து படிக்க ஒரு நூல், கம்பளிக்குள் சுருண்டு படிக்க ஒரு நூல் என்று போனபோது, மூன்றாம் எண்ணில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்த அந்த அறையில் சிரிப்பு எழுந்தது. எங்களிடம் இருக்கும் ஒரே கம்பளி, கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது யாரோ வாங்கி வந்தது.

சிரித்து முடித்த பிறகு அந்தக் குறிப்பை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் மீண்டும் படித்தேன். எண்ணத்தில் குறையில்லை, பனியை அலங்காரப் பொருளாக எடுத்துக்கொண்டதில்தான் குறை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அந்த ஓவியர்கள் பனியை அழகுக்காக ஒட்டிவைக்கவில்லை. தெரிந்ததாக நினைத்த ஒன்றை மறுபடி உற்றுப் பார்ப்பதற்குப் பனி அவர்களுக்கு ஒரு வாய்ப்பாக இருந்தது. வாசிப்புப் பணிகளையும் அப்படி அமைத்தால், பனியே விழாத எங்கள் ஊரிலும் அவை செல்லுபடியாகும். இதை நாங்கள் சிறிய அளவில் செய்து பார்த்ததால்தான் இவ்வளவு துணிந்து எழுதுகிறேன்.

கிளாட் மோனே 1868-69 குளிர்காலத்தில், பிரான்சின் நார்மண்டிக் கடற்கரைப் பகுதியில் எத்ரதா என்ற ஊரருகே வரைந்த 'மாக்பை' என்ற ஓவியத்தை எங்கள் முதல் பணிக்கு எடுத்துக்கொண்டோம். முழுக்கப் பனி மூடிய ஒரு வயல்வெளி, ஒரு வேலி, வேலியின் படல் மேல் கருப்பும் வெள்ளையுமாக ஒரே ஒரு பறவை. நிறத்தைப் பார்த்தால் நம் வீட்டோரம் பாடும் முராய்க் குருவி போலத் தோன்றும், ஆனால் மாக்பை எனப்படும் இந்தப் பறவை காக்கை இனம். 1869ஆம் ஆண்டு பாரிஸின் அரசுக் கண்காட்சி இதை ஏற்க மறுத்தது. இன்று அதே நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலியின் நிழல் பனியின் மீது விழும் இடத்தை மோனே கருப்பாகவோ சாம்பலாகவோ தீட்டாமல் நீலமாகத் தீட்டியிருக்கிறார். காரணம் எளியது: நேர்வெயில் மறைந்த இடத்துக்கு ஒளி தருவது வானம் மட்டுமே, வானம் நீலம், வெண்பனி அதை அப்படியே திருப்பித் தருகிறது.

படத்தின் வண்ண நகலைச் சுவரில் ஒட்டி, ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும், பிறகு தாம் படித்துக்கொண்டிருக்கும் நூலில் எழுத்தாளர் வழக்கமான நிறத்தைச் சொல்லாமல் கண்ட நிறத்தைச் சொன்ன ஒரு வரியைத் தேடி வர வேண்டும் என்பது பணி. படிவம் ஒன்றில் (இடைநிலைப் பள்ளி முதலாண்டில்) படிக்கும் ஒரு பையன் நிழல் நீலமாக இருக்கவே முடியாது என்று வாதிட்டான். அடுத்த கூட்டத்துக்கு அவன் வரியும் கொண்டுவரவில்லை, நூலும் கொண்டுவரவில்லை. காலை எட்டரை மணிக்கு எங்களைப் படியிறக்கி, தெருமுனை மாரியம்மன் கோயிலின் புதிதாக வெள்ளையடித்த மதில் முன் கொண்டுபோய் நிறுத்தினான். தென்னை மட்டையின் நிழல் அந்தச் சுவரில் நீலமாகத்தான் விழுந்திருந்தது. அறுபத்தைந்து வயதில் நான் அதை முதன்முறையாகக் கண்டேன். அதன் பிறகு அவன் தேடிக் கொண்டுவந்த வரிகள் பதினொன்று. பணியின்படி ஒன்று போதும்.

இரண்டாவதாக, காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்நாட்டு வழக்கப்படி டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்று ஏன் கணக்கு வைக்க வேண்டும்? பெரும்பொழுது ஆறில் மூன்று நமக்கே குளிருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன: ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. தமிழ்நாட்டுக்கு வகுத்த பொழுது இங்கே எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள், அக்டோபரிலும் நவம்பரிலும் பேராக்கில் மழை கனக்கும் மாலைகளையும், தைப்பூசத்தை ஒட்டிய விடியற்காலைகளில் செம்பனைக்கு மேல் படுத்துக் கிடக்கும் மூடுபனியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பின்பனிக்கோ நம்மிடம் அதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது இலையுதிரும் காலம்.

என் தாயார் பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர். ஆண்டு முழுவதும் பால்மரக் காட்டுக்குள் ஒரு பச்சை இருட்டு இருக்கும். பிப்ரவரியை ஒட்டி இலைகள் செம்பு நிறமாகி உதிரத் தொடங்கியதும், கூரையைப் பிரித்தது போல வெயில் தரைக்கு இறங்கும். நிரை நிரையாக நிற்கும் மரங்களின் நிழல்கள் சருகின் மேல் நீளக் கோடுகளாக விழும். பால் பிடிக்கும் மங்கில் பாலைவிடச் சருகு அதிகமாகக் கிடக்கும், நடந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்கும். புதுத் தளிருக்கு மரம் தன் சேமிப்பைச் செலவழிப்பதால் அப்போது பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும். ஆங்கிலேயத் துரைமார்கள் இந்தப் பருவத்துக்குத் தங்கள் மொழியில் வைத்த பெயரே குளிர்காலம் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். ஆகவே, பனிக்காலம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த நிழற்கோடுகளை நான் மறுபடி கண்டது கமீல் பிசாரோவின் 'உறைபனி' என்ற 1873ஆம் ஆண்டு ஓவியத்தில். உழுத நிலத்தின் மேல் வெண்மையாகப் பனி பூத்திருக்கிறது. முதுகில் விறகுச் சுமையுடன் ஒருவர் நடந்து வருகிறார். படத்துக்குள் இல்லாத மரங்களின் நிழல்கள் நிலத்தின் குறுக்கே நீண்டு கிடக்கின்றன. இது 1874 ஏப்ரலில் பாரிஸில் தொடங்கிய முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் இடம்பெற்றது. லூயி லெருவா என்ற பத்திரிகையாளர், வண்ணப் பலகையைச் சுரண்டி அழுக்குத் துணியில் அப்பியது போல் இருக்கிறது என்னும் பொருளில் ஒரு கற்பனை ஓவியரின் வாயிலாக இதைக் கேலி செய்தார். இயக்கத்துக்கே பெயர் நிலைத்தது அந்தக் கேலிக் கட்டுரையால்தான். பிசாரோ பிறந்தது கரீபியக் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில் என்பதை எங்கள் மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. பனியே இல்லாத வெப்பத் தீவில் பிறந்து வளர்ந்தவர், பனியை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். மொத்தம் எட்டுக் கண்காட்சிகள் 1886 வரை நடந்தன. எட்டிலும் பங்கேற்ற ஒரே ஓவியர் அவர்.

இந்த ஒரு படத்திலிருந்து மட்டும் எங்களுக்கு மூன்று பணிகள் கிடைத்தன. பிறந்த ஊரை விட்டு வந்த ஒருவர், வந்த ஊரைப் பற்றி எழுதியதைப் படிப்பது ஒன்று. பாதியில் வெறுத்து மூடிய ஒரு நூலை மீண்டும் எடுத்து ஐம்பது பக்கமாவது படித்து, வெறுப்பு நியாயமானதுதானா என்று சொல்வது மற்றொன்று. நியாயமானதே என்று மூன்று பேர் சொன்னார்கள், அதையும் ஏற்றுக்கொண்டோம். பால்மரக் காட்டைக் களமாகக் கொண்ட ஒரு மலேசியச் சிறுகதையைப் படித்துவிட்டு, பால்மரம் சீவிய அனுபவம் உள்ள ஒருவரிடம் அதைச் சொல்லி, கதையில் எது சரி, எது பிழை என்று கேட்டு வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது பணியில்தான் வட்டம் சூடு பிடித்தது. விடியலிலேயே நடக்கும் பால்வெட்டுக்கு ஒரு கதையில் நடுப்பகலில் போகிறார்கள் என்று கேட்ட ஒரு பாட்டி, எழுதியவர் காட்டுப் பக்கமே வந்ததில்லை என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட முதல் ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. பாரிஸில் மூன்றாவது இம்ப்ரெஷனிசக் கண்காட்சி நடந்ததும் அதே 1877இல்தான். இதற்கு எந்தப் பொருளும் இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மாணவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூதிருக்கு நெடுநல்வாடையைப் பரிந்துரைக்கிறேன். 188 அடிதான், உரையோடு ஒரு மாதத்தில் படித்துவிடலாம். இரவு எது, பகல் எது என்று தெரியாமல் மயங்கி, மாடத்துப் பலகையில் காலை மாற்றி மாற்றி வைத்து அமர்ந்திருக்கும் புறாக்களையும், மேகம் மூடியதால் பொழுதை அறிய முடியாத பெண்கள் பிச்சி அரும்பு மலரும் மணத்தை வைத்து மாலை வந்ததை உணர்வதையும் படித்தவர்களுக்கு, இம்ப்ரெஷனிசம் என்றால் என்ன என்று தனியாக வகுப்பெடுக்கத் தேவையில்லை. இதோடு மோனே 1890-91இல் வைக்கோற்போர்களை வெவ்வேறு ஒளியிலும் பனியிலும் திரும்பத் திரும்ப வரைந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒளி மாற மாற ஓர் ஓவியத் திரையை வைத்துவிட்டு அடுத்த திரையை எடுப்பாராம். எங்கள் பணி, ஒரு குறுந்தொகைப் பாடலை விடியலிலும் உச்சியிலும் நள்ளிரவிலும் படித்து, ஒவ்வொரு முறையும் முதலில் கண்ணில் பட்ட சொல்லைக் குறித்து வைப்பது. நாலு முதல் எட்டு அடி என்பதால் யாரும் நேரமில்லை என்று தப்ப முடியாது.

இம்ப்ரெஷனிசப் பெண் ஓவியர் பெர்த் மோரிசோவுக்கும் ஓர் இடம் வேண்டும். பாரிஸின் அரசு ஓவியக் கல்லூரி 1897 வரை பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. தமக்குக் கிடைத்த வீட்டையே களமாக்கி, தொட்டிலருகே அமர்ந்திருக்கும் தம் சகோதரியை அவர் 1872இல் வரைந்தார். இதை ஒட்டி நாங்கள் வைத்த பணி, வீட்டில் எழுத்தறியாத மூத்தவர் ஒருவருக்கு ஒரு நூலை முழுதாக வாசித்துக் காட்டுவது. நான் படித்தேன் என்று சொல்வதைவிட இது கடினமானது. நடுவே பால் பொங்கும், தொலைக்காட்சியில் தொடர் வரும்.

புள்ளிகளையும் எண்ணிக்கையையும் பற்றி ஒரு வார்த்தை. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் வாசிப்புப் பதிவேட்டில் ஒரே மாதத்தில் 40 நூல்கள் எழுதிய மாணவன் ஒருவனுக்கு நானே பரிசு கொடுத்திருக்கிறேன். பின்னட்டையில் இருந்ததை அப்படியே எடுத்தெழுதியிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவனைக் கண்டிக்க மனம் வரவில்லை. நாங்கள் எண் கேட்டோம், அவன் எண் கொடுத்தான். நாடு 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டைத் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அறிவித்திருக்கும் நேரத்தில் எண்ணிக்கை மோகம் இன்னும் கூடத்தான் செய்யும். தங்கள் குறிப்பிலும் பக்கத்துக்கு இத்தனை புள்ளி என்று இருந்தது. தயவுசெய்து அதை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். ஆறு மாதத்தில் ஆறு பணி போதும்; ஒரே நூலை வைத்து மூன்று பணி முடித்தாலும் தவறில்லை.

என் வேண்டுகோள் இதுதான். ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி முடிய, மாதம் ஓர் ஓவியமும் ஒரு பணியும் ஞாயிறு மலரில் வெளியிடுங்கள். மோனே மறைந்து (1926) நெடுங்காலம் ஆகிவிட்டது, பிசாரோவும் மோரிசோவும் அவருக்கு முந்தியே போய்விட்டார்கள். இப்படங்களுக்குப் பதிப்புரிமைத் தொல்லை இல்லை. பணிகளை எழுதி அனுப்ப எங்கள் வட்டம் ஆயத்தமாக இருக்கிறது, அதற்குக் கட்டணம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. தமிழ் நூல்கள் கிடைக்காத சிற்றூர்களுக்காக, பாடலையோ கதைப் பகுதியையோ பணியோடு சேர்த்தே அச்சிட்டால் நன்றாக இருக்கும். எங்கள் ஊரில் இருக்கும் தமிழ் நூல்களை ஒரு பீரோவில் அடுக்கிவிடலாம்.

படம் மட்டும் வண்ணப் பக்கத்திலேயே வர வேண்டும். 'மாக்பை'யைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டால் அந்த நிழல் வெறும் சாம்பலாகிவிடும். கோயில் மதிலைக் காட்டி எங்களையெல்லாம் தோற்கடித்த பையன் மறுநாளே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதுவான், அதைத் திருத்தித் தரும் வேலையும் என் தலையில்தான் விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.