ஈஸ்ட்ஹாம் நூலகத்தில் உதவிய அக்காவுக்கு

ஒன்பது வருடம் வேலை பார்த்த துணிக்கடை திவாலானது. கடைசிச் சம்பளமும் வரவில்லை. திவால் நிர்வாகி அனுப்பிய கடிதத்தோடு லண்டன் ஈஸ்ட்ஹாம் நூலகக் கணினி முன்னால் விழித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, நான் கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். கடிதத்தில் 'சிஎன்' (CN) என்று தொடங்கும், விண்ணப்பத்தில் போட வேண்டிய எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டீர்கள். கம்பெனியிடம் பணம் இல்லாவிட்டாலும் ஆட்குறைப்புப் பணமும், 8 வாரம் வரையான சம்பளப் பாக்கியும், எடுக்காத லீவுக்கான காசும், ஓர் உச்சவரம்புக்குள், அரசின் தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து கிடைக்கும் என்று விளக்கினீர்கள். "அழாதேங்கோ தங்கச்சி, இது உங்கட காசுதான்" என்றீர்கள். அந்தச் சொல்தான் என்னை நிமிர்த்தியது.

பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். பணம் வந்துவிட்டது அக்கா. என்னோடு வேலையிழந்த மூன்று பேருக்கு நானே விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். இது உங்கள் கண்ணில் பட வேண்டும். மிக்க நன்றி.