புயல் சீசன்ல நம்ம கடை ஜெனரேட்டர் எங்க போகும்

வணக்கம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைன்னு நம்மகிட்ட இன்வெர்ட்டர், கேமரா போட்டிருக்குற ஆச்சிமார், அண்ணன்மார் எல்லாருக்கும், சிங்கப்பூர் மலேசியாவுல இருந்துக்கிட்டு பூட்டிக் கெடக்குற வீட்டை போன்லயே பாத்துக்கிறவங்களுக்கும் சேத்துதான் இந்த மடல். ஐப்பசி கார்த்திகையில புயல் எச்சரிக்கை வந்தா நம்ம வாடகை ஜெனரேட்டரும் கொஞ்சம் இன்வெர்ட்டரும் ஒரு சர்வீஸ் பையனும் ஊர்ல இருக்க மாட்டாங்க, பேராவூரணி பக்கம் நிவாரண வேலை பாக்குற ஒரு டிரஸ்ட்டுக்கு அதையெல்லாம் அனுப்புறதா அவங்களோட எழுதி கையெழுத்து போட்டிருக்கோம்.

2018 நவம்பர் 16 கஜா புயலை மறந்திருக்க மாட்டீங்க. மின்கம்பம் மட்டுமே லட்சத்துக்கு மேல சாஞ்சுது, கிராமங்கள்ல கரண்ட் வர வாரக்கணக்காச்சு, கரண்ட் இல்லன்னா பேட்டரி தீந்ததும் செல்போன் டவரும் நின்னுடும், அப்புறம் எங்களுக்கு தண்ணி வேணும் பால்பவுடர் வேணும்னு யாருகிட்ட சொல்றது, அதனாலயும்தான் நிவாரண சாமான் வண்டியெல்லாம் மெயின் ரோட்டு ஊர்லயே நின்னுச்சு, உள்ளடங்கின ஊர் காத்துக் கெடந்துச்சு. 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு ஃபுல்லா இருந்தா வீணாப்போறது போக அறுபது எழுபது போனுக்கு சார்ஜ் ஏத்தலாம். ஒரு தெருவே பேசிடும்ல.

பெரிய கம்பெனிங்க இதை ரொம்ப நாளா செய்யுது. டிஹெச்எல்ங்கிற கூரியர் கம்பெனி 2005லேர்ந்து ஐநாவோட சேந்து வேலை பாக்குது, 2015 நேபாள பூகம்பத்துல காத்மாண்டு ஏர்போர்ட்ல குவிஞ்ச சாமானைப் பிரிச்சு அனுப்ப அவங்க ஆளுங்க போனாங்க. எனக்கு அதைவிட பெருசாப் படுறது இலங்கையில நடந்ததுதான். 2004 சுனாமி முடிஞ்ச கையோட அங்க இருந்த சாஃப்ட்வேர் பசங்க சேந்து சஹானான்னு ஒரு சாஃப்ட்வேரை எழுதுனாங்க, காணாம போனவங்க யாரு, எந்த முகாம்ல எத்தனை பேரு, எந்த அமைப்பு எங்க நிக்குதுன்னு எல்லாம் ஒரே இடத்துல பாக்கலாம், அதை யாரு வேணா எடுத்துக்கலாம்னு இலவசமா விட்டாங்க, மறு வருஷமே பாகிஸ்தான் பூகம்பத்துக்கு அது உதவுச்சு. நாங்க செய்யுறது அதுல தூசி அளவு, டிரஸ்ட்காரங்க போன்ல நெட் இல்லாமலும் ஓடுற ஒரு ஸ்டாக் லிஸ்ட் போட்டுக் கொடுத்திருக்கோம், எந்த முகாமுக்கு என்ன வேணும் என்ன போயிடுச்சுன்னு அதுல தெரியும். புயல் அடிச்சப்புறம் நம்பர் தேடிப் பேசுறதுல பாதி நாள் போயிடும், அதான் இப்பவே பேசி முடிச்சோம்.

உங்களுக்கு வர்ற சந்தேகம் புரியுது. கல்யாணத்துக்கு ஏற்கனவே ஜெனரேட்டர் புக் பண்ணவங்களுக்கு வேற எடத்துலேர்ந்தாவது நாங்களே கொண்டாந்து போட்டுருவோம், கூடுதல் காசு கிடையாது. வருஷ சர்வீஸ் கட்டணமும் ஏறாது. உங்க பேரு, போன் நம்பர், வீட்டு கேமரா எதுவும் டிரஸ்ட்டுக்குப் போகாது, அதை ஒப்பந்தத்துலயே எழுதிட்டோம். அந்த நாட்கள்ல சாதாரண ரிப்பேருக்கு பையன் வர கொஞ்சம் தாமதமாகும், வீட்ல ஆக்சிஜன் மிஷின் ஓடுறவங்க மட்டும் இப்பவே கடையில பேரு எழுதி வைங்க, உங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வருவோம்.

உதவணும்னா நல்லா ஓடுற சார்ஜர், வயர், எமர்ஜென்சி லைட்டு கொண்டாந்து கொடுங்க, டெஸ்ட் பண்ணி எடுத்து வைக்கிறோம். பழைய துணி வேணாம், சுனாமியப்போ ரோட்டோரம் மலையா குவிஞ்சு நனைஞ்சு வீணானதே போதும்.

இப்படிக்கு,
உங்க இன்வெர்ட்டர், கேமரா கடை,
காரைக்குடி