வியாழக்கிழமை புகைப்பட விமர்சன அமர்வுக்கு வரும் முன்

வணக்கம் நண்பர்களே. ஆளுக்கு ஐந்து படங்கள், அதற்கு மேல் வேண்டாம். எதை விடுவது என்று குழப்பமா? எல்லாவற்றையும் சின்ன அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்கள் உடனே கண்ணில் படும், ஒன்றை எடுத்துவிடலாம். கஷ்டப்பட்டு எடுத்த படம் என்பதற்காக மட்டும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மலையேறி எடுத்தீர்களா, மொட்டைமாடியில் நின்று எடுத்தீர்களா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

திரையில் காட்டுபவர்கள் படங்களை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற, பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் நிற அமைப்பில் சேமித்து வாருங்கள். அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற இன்னொரு நிற அமைப்பில் விட்டால் நிறம் வெளிறித் தெரியலாம். அச்சுப்படம் என்றால் பளபளப்பில்லாத தாள் நல்லது, விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காது.

"அவசரத்தில் எடுத்தது, மன்னிக்கணும்" என்று தொடங்க வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் நீங்கள் பேசவே வேண்டாம். மற்றவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்லட்டும். அப்புறம் உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "மூன்றாவது படத்தில் கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கருத்துச் சொல்பவர்களே, வெறும் 'சூப்பர்' போதாது. படத்தில் எந்த இடம் என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள்.

குறிப்பெடுக்க நோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பட வரிசையைப் புதன் இரவுக்குள் இங்கே போடுங்கள்.