மோர் பாக்கி இருக்கிறது, அண்ணா

2020 ஏப்ரல் கடைசி. ஊரடங்கு ஒரு மாதம் தாண்டியிருந்தது. கொங்குப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில், காய்ச்சல் வார்டில் நான் நர்ஸ். கவச உடை வரும் வரும் என்றார்கள், வரவில்லை. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டுதான் சளி மாதிரி எடுத்தோம்.

ஒரு மதியம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒருவர் வந்து நின்றார். பின்னால் இரண்டு அட்டைப்பெட்டி. திருப்பூரில் பனியன் தைக்கிற சின்ன யூனிட்டாம். ஏற்றுமதி ஆர்டர் நின்றுபோனதால் கவச உடை தைக்க இறங்கிவிட்டார். மொத்தம் நாற்பது உருப்படி, காசு வேண்டாம் என்றார்.

எடுத்துப் பார்த்தேன். தையல் மேலெல்லாம் டேப். "ஊசி போன ஓட்டை வழியாத்தானுங்க சிஸ்டர் ரத்தம் உள்ள இறங்கும். அதான் சூடு வெச்சு ஒட்டிட்டோம்" என்றார். கோவையில் உள்ள சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தில் துணி மேல் செயற்கை ரத்தம் விட்டுச் சோதித்த சான்றிதழின் நகலும் பெட்டிக்குள் இருந்தது. எனக்கு அதுதான் பெரிசு. பிபிஇ, அதாவது கவச உடை, என்ற பெயரில் அப்போது என்னென்னவோ வந்துகொண்டிருந்தது.

அதைப் போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. கழற்றும்போது விரலெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். இருந்தாலும் பயமில்லாமல் நோயாளி பக்கத்தில் நின்றோம். அந்த நாற்பதும் தீர்வதற்குள் மேலிருந்து சரக்கு வந்துவிட்டது.

பேர் கேட்டேன். "அதெதுக்குங்க சிஸ்டர்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். தொற்று பயத்தில் ஒரு டம்ளர் மோர்கூடக் கொடுக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. ரொம்ப நன்றிங்க அண்ணா. இந்தப் பக்கம் வந்தால் வார்டுக்கு வாங்க.