காரெத்தைக் காப்பாற்றுவது பற்றி எலிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள எலி,

தாமதத்துக்குத் திட்ட வேண்டியதை அடுத்த கடிதத்தில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். ஒட்டகம் உன்னை விசாரித்தாள். வாத்தியார் வழக்கம்போல யாரையும் விசாரிக்கவில்லை.

ராணி கினிவியராக நின்று தேர்வு செய்து ஆடும் உன் ஆர்தர் ராஜா கதை விளையாட்டைச் சோதித்தவர்கள் எழுதிய குறிப்புகள் மொத்தத்தையும் படித்தேன். ராணியின் காதலன் லான்சலாட்டுக்கு இன்னும் நாலு முத்தக் காட்சி கேட்கிறவர்களை விட்டுத் தள்ளு, அவர்கள் எந்த விளையாட்டிலும் அதைத்தான் கேட்பார்கள். கவனிக்க வேண்டியது, லான்சலாட்டின் வாளுக்குத் தவறிப் பலியாகும் இளம் வீரன் காரெத்தின் கட்சி. அவன் சாகாத ஒரு வழி வேண்டுமென்று எத்தனை பேர்! (கூடவே சாகிற கஹெரிஸுக்கு ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெற்ற தாயின் தலையை வெட்டியவனுக்கு யார் அழுவார்கள்?) அவர்களுக்கு நீ கொடுத்திருக்கும் வாக்கைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏழாம் அத்தியாயத்தில் அவனுக்குக் கவசம் மாட்ட ஒரு தேர்வு வைக்கிறாயாம், மாட்டினால் பிழைப்பானாம். அடிப்பாவி, கவசம் போட்டால் முதலில் சாவதே அவன்தான்!

பதினைந்தாம் நூற்றாண்டில் ஆர்தர் கதைகளைத் தொகுத்த மாலரியின் 20ஆம் பகுதியில் அந்த இடத்தை மறுபடி எடுத்துப் பார். லான்சலாட்டோடு கள்ளக்காதல் என்று ராணியை எரிக்கக் கொண்டுபோகும்போது கூட நிற்கச் சொல்லி ஆர்தர் காரெத்தின் அண்ணன் காவெய்னைக் கேட்கிறான். அவன் மாட்டேன் என்கிறான். தம்பிகள் காரெத், கஹெரிஸ் இருவருக்கும் ராஜாவின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லத் தெம்பில்லை. வருகிறோம், ஆனால் ஆயுதமும் கவசமும் தரிக்க மாட்டோம் என்கிறார்கள். அதுதான் அவர்களால் முடிந்த எதிர்ப்பு. நீ கவசத்தை மாட்டிவிட்டால் காரெத் காவல்படையில் ஒருத்தன் ஆகிவிடுகிறான். அப்போது லான்சலாட் அவனை வெட்டினால் அது சண்டையில் விழுந்த வெட்டு, யாரும் வாய் திறக்க முடியாது. மூலத்தில் நடப்பது வேறு. ராணியை மீட்க வந்த லான்சலாட் நெரிசலில், யாரென்றே தெரியாமல், தானே நைட் என்ற வீரப் பட்டம் கட்டிய பையனின் தலையில் வெட்டுகிறான். முகம் தெரியாமல் போனதால் வந்த சாவு அது. ஆக, ஒன்று காரெத் அங்கே இருக்கக் கூடாது, அல்லது லான்சலாட்டின் கண்ணில் பட வேண்டும்.

அங்கே இல்லாமல் போக இரண்டு வழி தெரிகிறது. காவெய்னைப் போல அவனும் மறுக்கலாம். இதற்கு முந்தைய அத்தியாயங்களில் அவன் துணிவை விளையாடுகிறவள் வளர்த்திருக்க வேண்டும், ஆர்தருக்கு அவன்மேல் உள்ள நம்பிக்கையும் சரிந்தே தீர வேண்டும். இல்லையென்றால் முந்தைய இரவே லான்சலாட் பக்கம் போய்விடலாம். வெஸ்ட்மின்ஸ்டர் போட்டியில் அண்ணன்மாரை விட்டு லான்சலாட் அணியில் நின்று மோதியவன்தானே, அதனால் இது ஒட்டாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தம்பி செத்தது பெரிய அடியா, தம்பி எதிரணிக்கு ஓடியது பெரிய அடியா? காவெய்னுக்கு எது என்று நீ முதலில் முடிவு செய்துகொள்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. விளையாடுகிறவள் ராணி. மேலாடையெல்லாம் கழற்றி, உள்ளங்கியோடு கம்பத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கையால் ஒன்றும் ஆகாது. கத்த முடியும். "காரெத்!" என்று பெயர் சொல்லிக் கத்தினால் லான்சலாட் திரும்புவான், ஓங்கிய வாள் நிற்கும். அந்த நொடிக்கு ஒரு விலை வை. லான்சலாட்டோடு வந்தவர்களில் ஒருவன் விழட்டும், அவனும் ராணிக்குப் பெயர் தெரிந்தவனாக இருக்கட்டும். சும்மா காப்பாற்றிக் கொடுத்தாயோ, இதே கட்சிக்காரர்கள் மறுநாளே "சப்பென்று இருக்கிறது" என்று எழுதுவார்கள், பார்த்துக்கொண்டே இரு.

கத்துகிற தேர்வு எல்லோருக்கும் தெரியக் கூடாது. கூட்டத்தில் அவனை ராணிக்கு அடையாளம் தெரிந்தால்தான் பெயர் வாயில் வரும். உன் வரைவில் அவன் மூன்றாம் அத்தியாயத்தில் தலைகாட்டிவிட்டு ஆறில்தான் திரும்ப வருகிறான், அது போதாது. மூன்று சிறு காட்சிகள் வை. ஒன்று, அரண்மனைச் சமையற்கட்டில் அவன் ஒரு வருஷம் சோற்றுக்கு வேலை பார்க்கும்போது அரண்மனை நிர்வாகி கே அவனை நக்கலடிக்கும் இடம். அடுத்தது, உதவி கேட்டு வந்த லினெட் அவனைச் 'சமையல் நாற்றம்' என்று வைதுகொண்டே கூட்டிப்போகும் வாசல். கடைசியாக அவன் கல்யாணம். இவற்றில் இரண்டிலாவது ராணி அவனிடம் நேராகப் பேசியிருந்தால் தேர்வு திறக்கட்டும். இதற்குச் சாதாரண எண்ணி போதும், பேசினால் ஒன்று கூட்டு, அவ்வளவுதான். நிபந்தனை நிறைவேறாவிட்டால் தேர்வை மங்கலாகக் காட்டும் வசதி நீ எழுதும் சாய்ஸ்ஸ்கிரிப்ட் நிரல்மொழியில் இருக்கிறது, தெரியும். மற்ற இடங்களில் அதைத் தாராளமாகப் பயன்படுத்து. இங்கே வேண்டாம். தீக்கு முன்னால் நிற்கிறவளுக்குப் பூட்டிய கதவைக் காட்டினால் அவள் அழ மாட்டாள், முந்தைய அத்தியாயத்துக்கு ஓடிச் சாவி தேடுவாள்.

தலைவலி இதற்குப் பிறகுதான். காரெத் பிழைத்தால் உனக்குக் கடைசிப் போர் கிடையாது. சங்கிலியைப் பார். ராணியின் அறையில் லான்சலாட்டைப் பிடிக்கப் போய், காவெய்னின் இன்னொரு தம்பி அக்ரவெய்ன் அவன் கையால் வாசலிலேயே செத்தான். காவெய்னின் சொந்த மகன்கள் ஃப்ளாரன்ஸும் லோவெலும் அங்கேயே செத்தார்கள். அதற்கெல்லாம் காவெய்ன் லான்சலாட்டை மன்னிக்கிறான்! எச்சரித்தேன், கேட்கவில்லை, தங்கள் சாவைத் தாங்களே தேடிக்கொண்டார்கள் என்கிறான். அப்பேர்ப்பட்டவன் காரெத்துக்காக மட்டும் வெறிபிடிக்கிறான். அந்த வெறிதான் போப் சமாதானம் செய்து வைத்த பிறகும் ஆர்தரைக் கடல் தாண்டிப் பிரான்சுக்கு இழுத்துப் போகிறது. ராஜா ஊரில் இல்லாததால்தான் துரோகி மோர்ட்ரெட் கையில் நாடு. காரெத் உயிரோடு இருந்தால் வெறி இல்லை, பிரான்சு இல்லை, மோர்ட்ரெட் ஆட்சி இல்லை. ஆறு அத்தியாயமாக நீ சகுனம் சொல்லிக்கொண்டு வந்த காம்லான், ஆர்தர் வீழும் அந்தக் கடைசிப் போர், அந்தரத்தில் தொங்கும்.

பயப்படாதே, வழி மாலரிக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே இருக்கிறது. 1136-ஐ ஒட்டி ஜெஃப்ரி ஆஃப் மான்மத் எழுதிய கதையில் லான்சலாட்டே கிடையாது, காரெத்தும் கிடையாது. ஆனாலும் ஆர்தர் கடல் தாண்டுகிறான். ரோமிலிருந்து லூசியஸ் கப்பம் கேட்டு ஆள் அனுப்புகிறான், ஆர்தர் படையெடுக்கிறான், நாட்டை மோர்ட்ரெட்டிடமும் ராணியிடமும் விட்டுப் போகிறான். ஆல்ப்ஸைக் கடக்கப் போகும் நேரத்தில் துரோகச் சேதி வருகிறது. திரும்பிக் கரையிறங்கும் இடத்திலேயே காவெய்ன் சாகிறான். போர் நடக்கும் ஆண்டைக்கூட 542 என்று தருகிறார். மாலரி இந்த ரோமாபுரிப் போரைத் தூக்கி முன்னால், ஐந்தாம் பகுதியில் வைத்துவிட்டார். நீ திரும்ப எடுத்துக் கடைசியில் வைத்துக்கொள். காரெத் செத்த கிளையில் பிரான்சு, பிழைத்த கிளையில் ரோம். இரண்டும் மோர்ட்ரெட்டின் ஆட்சியில் வந்து சேரும், பத்தாம் அத்தியாயத்திலிருந்து ஒரே கோப்பு போதும். ரோமுக்கான விதையை மட்டும் இரண்டாம் அத்தியாயத்திலேயே போட்டுவிடு. கப்பம் கேட்டு ஒரு தூதன், அவனை என்ன செய்வது என்று ராணியிடம் ஒரு கேள்வி, அந்த அளவு போதும். இல்லாவிட்டால் ரோம் வானத்திலிருந்து குதித்த மாதிரி இருக்கும்.

ஒன்று மட்டும் இரு கிளைக்கும் பொதுவாக இருக்கட்டும். மோர்ட்ரெட் ராணியைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும்போது, கல்யாணத்துக்குச் சாமான் வாங்க லண்டன் போகிறேன் என்று சொல்லி, போனவள் லண்டன் கோபுரத்தில் ஆளும் உணவும் நிரப்பிக் கதவை அடைத்துக்கொள்கிறாளே, அது மாலரியிலேயே அவள் செய்கிற ஆகச் சாமர்த்தியமான காரியம். உன் வரைவில் இதை ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துவிட்டாய். விளையாடுகிறவள் கையில் கொடுக்க வேண்டிய காட்சியைக் கதைசொல்லியே தின்றுவிட்டால் எப்படிடி?

அடுத்து, எண்கள். ஆர்தரின் நம்பிக்கை 80-ஐத் தொடவே மாட்டேன் என்கிறது என்று பலரும் எழுதியிருப்பது நியாயமான புகார். நீ பயன்படுத்துவது ஃபேர்மாத், சாய்ஸ்ஸ்கிரிப்டின் விழுக்காட்டுக் கணக்கு. அதில் 20 விழுக்காடு கூட்டினால் 20 ஏறாது, நூறுக்கு மீதியிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும். 50-இல் தொடங்கினால் 60, அப்புறம் 68, 74, 79. நான்கு நல்ல தேர்வுக்குப் பிறகும் 80 இல்லை. ஒரே ஒரு சண்டையில் 20 விழுக்காடு கழித்தால் 79 அப்படியே 64-க்கு விழும், இரண்டு நல்ல காட்சிக்கு மேலேயே போச்சு. உன் விளையாட்டில் ஆர்தரோடு மொத்தமே ஐந்து காட்சிகள். 80 என்ற வாசலை 65-க்கு இறக்கு, அல்லது காட்சியைக் கூட்டு. நான் கூட்டச் சொல்வேன், ஏனென்றால் அடுத்த புகார், ஆர்தர் சப்பையாக இருக்கிறான் என்பது, இதோடு ஒட்டியது. அவனைச் சப்பையாக்கியது மூலமில்லை, நீதான்! ராணிகள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், இப்படியொரு நைட் கூட்டம் இனிக் கிடைக்காது என்று அவன் அழும் இடத்தை ஏன் விட்டாய்? கொடூரமான வார்த்தை, அதே நேரம் உண்மையான துக்கம். நம்பிக்கை அதிகமென்றால் ராணியிடம் நேரில் சொல்லட்டும், குறைவென்றால் கே வழியாக அவள் காதுக்கு வரட்டும். காரெத் பிழைத்த கிளையில் அந்த வசனமே வராது. காப்பாற்றியவர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு எது?

லான்சலாட்டுக்கு அன்பு அளவுகோலே வேண்டாம் என்பேன். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் சொல்லும் கதையில், குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏற அவன் இரண்டே அடி தயங்குகிறான். உயிரைப் பணயம் வைத்து வந்தவனை ராணி முகம் கொடுத்தும் பார்க்கவில்லை, அந்த இரண்டு அடிக்காக. பின்னால் போட்டியில் "மோசமாகச் சண்டை போடு" என்று ஆள் விட்டுச் சொல்கிறாள், ஊரே சிரிக்கச் சிரிக்க அவன் மோசமாகவே போடுகிறான். இந்தக் கட்டளையை விளையாடுகிறவளிடம் கொடு. எத்தனை சுற்று தோற்க வைக்கிறாள் என்று எண்ணு. அந்த எண் மூன்றைத் தாண்டினால் கம்பத்தருகே அவன் வந்து சேர்வதும் தாமதமாகட்டும்.

லான்சலாட்டை ஏமாற்றித் தன்னோடு சேரவைத்த கார்பெனிக் எலெய்ன் விஷயத்தில் உன் வாசகர்கள் போட்டுக்கொள்ளும் சண்டைக்கு நீயே காரணம். 'துரோகம்' என்று ஒரே மாறியில் எல்லாவற்றையும் திணித்திருக்கிறாய். எலெய்ன் பக்கத்து மந்திரக்காரி புருசென் மது கொடுத்து, அங்கே இருப்பது ராணி என்று நம்பவைத்துத்தான் லான்சலாட்டை எலெய்னின் அறைக்குள் விட்டார்கள். அவன் சம்மதம் அதில் எங்கே இருக்கிறது? நடந்தது என்ன, ராணிக்குத் தெரிந்தது என்ன, இரண்டையும் தனித்தனி மாறியில் வை. அப்போதுதான் தெரிந்துகொண்டு மன்னிக்கிற ராணியும், பாதி தெரிந்து அவனைச் சட்டையோடு சன்னல் வழியாகக் குதித்துப் பைத்தியமாக ஓட வைக்கிற ராணியும் வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்கள்.

கேயைக் காதலிக்க வழி கேட்கிறார்கள் போல. கொடுத்துவிடாதே. வேல்ஸ் கதையில் ஒன்பது நாள் ஒன்பது இரவு தண்ணீருக்குள் மூச்சுப் பிடிப்பவன், உன்னிடம் கணக்குப் பார்க்கிறான். அந்தக் கடுப்பே அவனுக்கு அழகு. காரெத் செத்தால் மட்டும், சமையற்கட்டில் அவனைக் கேலி செய்தவன் என்ற முறையில், ஒரு காட்சி வை.

காவெய்னுக்கு நேரம் காட்டும் ஒரு மாறி போதும். காலை ஒன்பது மணியிலிருந்து நண்பகல் வரை பலம் ஏறிக்கொண்டே போய் மும்மடங்காகும், அப்புறம் இறங்கிவிடும். அவனோடு மோத வேண்டியவர்கள் நண்பகல்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதை லான்சலாட் சொல்லித் தரட்டும், நீ சொல்லாதே.

எல்லாம் எழுதி முடித்த பிறகு விளையாட்டைத் தானாகவே ஆடிப் பார்க்கும் ராண்டம்டெஸ்ட்டைப் பத்தாயிரம் முறை ஓட்டு. கத்துகிற வரி பூஜ்யம் என்று வந்தால் நிபந்தனையில் பிழை. பூஜ்யமாக இல்லாமல் சொற்பமாக வந்தால் அலறாதே. அந்தச் சோதனை கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கும், மனிதர்களுக்குக் காரெத்தைப் பிடித்துப்போனால் எல்லாக் காட்சியிலும் அவனிடமே போய் நிற்பார்கள். ரோம் கிளையை மட்டும் நீயே கையால் ஒரு முறை முழுக்க விளையாடிப் பார்த்துவிடு. செத்த காவெய்ன் பத்தாம் அத்தியாயத்தில் பேசினால் ஒட்டகம் உன்னை ஆயுசுக்கும் விட மாட்டாள்.

திருத்திய ஏழாம் அத்தியாயத்தை அனுப்பும்போது தொடக்கக் கோப்பையும் சேர்த்து அனுப்பு. போன தடவை அது இல்லாமல் மாறிகள் ஒன்றும் ஓடவில்லை. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
பல்லி